என்கிட்ட சாஃப்ட் காப்பி இருக்கு

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பை இருக்கும். திறந்தும் பார்க்க மாட்டோம், தூக்கிப் போடவும் மனசு வராது. எங்கள் வீட்டில் அது யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயர்கூட அழிந்துபோய்விட்டது. அதற்குள் என் இலக்கிய வாழ்க்கை மொத்தமும் மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளாக இருந்தது. வீடு மாறும்போதெல்லாம் டிவியை லாரியில் ஏற்றிவிட்டு, இந்தப் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். உள்ளே நகை இருக்கிறது என்று லாரி டிரைவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லேபிள் ஒட்டுவதில் நான் கறார். 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'புதுசு', 'புதுசு 2', 'இதுதான்', 'இது இல்லை' என்று எல்லாவற்றிலும் எழுதி வைத்திருக்கிறேன். தேதி மட்டும் ஒன்றிலும் இல்லை. ஒன்றில் 'அண்ணாச்சியிடம் கொடுக்கவும்' என்று இருக்கிறது. எந்த அண்ணாச்சி என்று இன்றுவரை தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபத்திரிகையில் மாதாமாதம் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒற்றை அறை ஆபீஸ், அதில் ஒரு மேக் பிளஸ் கம்ப்யூட்டர். சந்தாதாரர்களின் முகங்கள் எங்களுக்குத் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பத்திகளைத் தொகுப்பாகப் போடுகிறேன் என்று சமீபத்தில் ஓர் இளம் பதிப்பாளர் கிளம்பி வந்தார். "சார், பழைய இதழ் எல்லாம் கிடைச்சிடுச்சு. டைப் பண்ணக் கொடுத்துடறோம்" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எதுக்குத் தம்பி வீண் செலவு? என்கிட்ட சாஃப்ட் காப்பி இருக்கு" என்றேன்.

அவர் கண்ணில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கினேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. "மூணரை இன்ச்சா சார்?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து 'மிக முக்கிய'த்தைச் செருகினேன். அளவெடுத்து வைத்த மாதிரி உள்ளே போனது. டிரைவ் கொஞ்சம் முனகியது. பிறகு விண்டோஸ் வந்து, இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இந்தப் புத்தி உண்டு. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாது. இதில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிடட்டுமா என்று பணிவாகக் கேட்கும். நல்ல வேளையாக வேண்டாம் என்று அழுத்தினேன். சாமர்த்தியம் எல்லாம் இல்லை. இதே கேள்விக்கு வாழ்க்கையில் ஏற்கெனவே ஒருமுறை ஆமாம் சொன்ன அனுபவம்.

அது ஒரு கவிஞரின் நெடுங்கவிதை. அவர் தன் அண்ணன் ஆபீஸில் இருந்த டாஸ் கம்ப்யூட்டரில் அதைத் தட்டி, 720 கேபி ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். நான் வாங்கி மேக்கில் செருகினேன். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, புதிதாகத் தயார் செய்யட்டுமா என்றது மேக். வெளியே தள்ளவா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று மூன்று பட்டன்கள். கவிதை பெரியது என்று கவிஞர் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு பக்கம் என்று அழுத்தினேன்.

மேக் இரண்டு பக்கத்தையும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தது. கவிஞரிடம் வேறு பிரதி இல்லை. ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். பாதியாகக் குறைந்தது. அவருடைய கவிதைகளிலேயே இறுக்கமானது அதுதான் என்று பிறகு விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு நன்றி என்று அவர் எங்கும் குறிப்பிட்டதில்லை.

யூஎஸ்பி டிரைவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், முப்பது வருஷம் தள்ளி, எனக்கு அரிச்சுவடி புரிய ஆரம்பித்தது. கடையில் டபுள் டென்சிட்டி என்று ஒரே பெட்டியில் பத்து ஃபிளாப்பி வாங்குவோமே, அதில் ஒன்றை ஐபிஎம் வகை கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்தால் 720 கேபி. அதையே மேக்கில் செய்தால் 800. கொமடோர் அமிகாவில் செய்தால் 880. பிளாஸ்டிக் ஒன்று, காந்தப் பூச்சு ஒன்று, எழுதும் முறை மூன்று. ஒன்று எழுதியதை இன்னொன்று லேசில் வாசிக்காது. வாசிக்கவில்லை என்றால் என்ன செய்யும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

800 எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் ரசமான விஷயம். டிஸ்க்கின் வெளி வட்டம் நீளம், உள் வட்டம் குட்டை. ஐபிஎம் வகை இதைக் கண்டுகொள்வதில்லை. எல்லா வட்டத்துக்கும் ஒன்பது செக்டர் என்று சமமாகப் பங்கு போட்டுவிடும். மேக் அப்படி இல்லை. ஒரு பக்கத்தில் இருக்கும் 80 வட்டத்தையும் பதினாறு பதினாறாகப் பிரித்து, வெளியே 12 செக்டர், அடுத்து 11, 10, 9, கடைசியில் 8 என்று வைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் மோட்டார் வேகத்தையும் மாற்றும். அதனால்தான் அந்தக் கால மேக் டிஸ்க்கைப் படிக்கும்போது சுருதி மாற்றி மாற்றி முனகும். எங்கள் ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "மோகனம் மாதிரி ஆரம்பிச்சு எங்கேயோ போகுதே" என்பார். அவருக்குச் சங்கீதமும் தெரியாது.

எழுதும் லிபியும் வேறு. ஐபிஎம் பக்கம் எம்எஃப்எம். மேக் பக்கம் ஜிசிஆர். 1978இல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்காக ஸ்டீவ் வாஸ்னியாக் மிகக் குறைந்த சிப்புகளை வைத்துச் செய்த டிஸ்க் கண்ட்ரோலரின் வாரிசு அது. மேக்கில் இருந்த சிப்பின் பெயரே இன்டிகிரேட்டட் வாஸ் மெஷின். ஒரு மேதை சிக்கனமாக யோசித்ததால் நான் தாராளமாக அவதிப்பட்டேன்.

பையில் எல்லாமே 800 இல்லை. ஹை டென்சிட்டி ஃபிளாப்பிகள் கொஞ்சம் இருந்தன. 1.44 எம்பி என்று போட்டிருக்குமே, அது. அந்த எண்ணே ஒரு பித்தலாட்டம். 1440ஐ 1024ஆல் பெருக்கி 14,74,560 பைட். ஆயிரம் என்று கணக்குப் போட்டால் 1.47 வர வேண்டும், 1024 என்று கணக்குப் போட்டால் 1.41 வர வேண்டும். பாதிக் கணக்கை இந்த வழியிலும் மீதியை அந்த வழியிலும் போட்டு 1.44 என்று அச்சடித்துவிட்டார்கள். என் பள்ளிக்கூட கணக்கு வாத்தியார் இதே வேலைக்கு எனக்கு முட்டை போட்டார்.

1990களின் நடுவில் ஆபீஸுக்குப் புது மேக் ஒன்று வந்தது. அது டாஸ் ஃபிளாப்பியையும் படிக்கும், எழுதும். வந்த கொஞ்ச நாளில் பத்திரிகை நின்றுபோனது. அதை வாங்கியதால்தான் நின்றது என்று சொல்லும் கட்சியும் உண்டு. ஆபீஸைக் காலி செய்தபோது, எதிர்காலம் பிசியின் கையில் என்று ஒரு தீர்க்கதரிசனத்தோடு, மேக்கில் இருந்த எங்கள் தமிழ் எழுத்துருவையும் கணக்குகளையும் 1.44 டாஸ் ஃபிளாப்பிகளில் ஏற்றி வைத்தேன். அவை இப்போது யூஎஸ்பி டிரைவில் முதல் தடவையே திறந்தன. கை தட்டாத குறை.

மேக்கில் கோப்புக்கு 31 எழுத்து வரை பெயர் வைக்கலாம். டாஸில் எட்டு, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று. 'மழைக்காலக் கணக்கு திருத்தியது' எது, 'மழைக்காலக் கணக்கு திருத்தாதது' எது என்று இனி அந்த மழைக்குத்தான் தெரியும். அதை விடுங்கள். எழுத்துருக் கோப்பின் அளவு சைபர் கேபி என்று காட்டியது.

இதற்கும் காரணம் அடியேன்தான். மேக்கில் ஒரு கோப்புக்குள் இரண்டு அறைகள் உண்டு: டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். எழுத்துரு முழுக்க முழுக்க இரண்டாவது அறையில் குடியிருக்கும். டாஸுக்கு இரண்டாவது அறை என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் மேக், டாஸ் ஃபிளாப்பியில் எழுதும்போது, அந்த அறைச் சாமான்களை 'ரிசோர்ஸ் டாட் எஃப்ஆர்கே' என்ற பெயரில் ஒரு தனி ஃபோல்டர் போட்டு அதில் பத்திரமாக வைத்துவிடும். பாவம், அது தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருந்தது. பிற்பாடு ஒரு பிசியில் இந்த ஃபிளாப்பியைத் திறந்து பார்த்தவன், நான் வைக்காத ஃபோல்டர் ஒன்று இருப்பதைக் கண்டேன். அது வைரஸ் பீதி இருந்த காலம். உடனே அழித்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், "நல்ல வேளை, பார்த்தேன்" என்றும் சொன்னேன்.

அந்தக் குவியலில் ஒரே ஒரு கோப்பு மட்டும் எழுத்துப் பிசகாமல், எண் பிசகாமல் திறந்தது. அச்சகத்துக்கு நாங்கள் வைத்துவிட்டு வந்த பாக்கி. அது ஆங்கிலத்தில் இருந்தது.

ஃபிளாப்பி விஷயத்தில் என் ஜாதகமே அப்படி. கல்லூரிக் காலத்தில் ஐந்தேகால் அங்குலம். எங்கள் கம்ப்யூட்டர் அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசியில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருப்போம். ஒரு மூலையில் பிசி ஏடி, அதில் 1.2 எம்பி டிரைவ். இன்னொரு மூலையில் எக்ஸ்டி, அதில் 360 கேபி. ஏடியின் டிரைவ் 360 ஃபிளாப்பியைப் படிக்கும். எழுதவும் செய்யும். வம்பே அங்கேதான். ஏடியின் ஹெட் பாதி அகலம். அகலமான பழைய தடத்தின் மேல் அது ஒல்லியாக ஒரு தடம் எழுதும். போன தேர்தலில் முழுச் சுவரையும் வளைத்து எழுதிய கட்சி விளம்பரத்தின் மேல், இந்தத் தேர்தலில் இன்னொரு கட்சிக்காரர் நடுவில் மட்டும் சுண்ணாம்பு அடித்துச் சின்னதாக எழுதியது மாதிரி. கிட்ட நின்று எழுதியவருக்குத் தன் எழுத்து மட்டும் தெரியும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டு சின்னமும் தெரியும். எக்ஸ்டி தள்ளி நின்று பார்க்கிற ரகம்.

என் புராஜெக்ட் புரோகிராமை ஏடியில் எழுதி, எக்ஸ்டியில் போட்டேன். அபார்ட், ரீட்ரை, இக்னோர் என்று கேட்டது. ஏடியில் போட்டேன், அழகாகத் திறந்தது. மறுபடி எக்ஸ்டி. மறுபடி ஏடி. எக்ஸ்டி கெட்டுவிட்டது என்று லேப் இன்சார்ஜிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அவர் அதே எக்ஸ்டியில் தன் ஃபிளாப்பியைப் போட்டு, என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த டிரைவும் சந்தேகமில்லாமல் படித்துவிடும்.

இன்றைய கதைக்கு வருகிறேன். 800ஐப் படிக்க மேக் வேண்டும். பழைய டிடிபி நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மேக் பிளஸ் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது. உயிரோடு என்றால், நவராத்திரிக்குக் கொலு பார்க் அமைக்கும்போது மலைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். "மலையை என்னங்க பண்றது?" என்று நண்பரின் மனைவி கேட்டதற்கு, நவராத்திரிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முருகன் இந்த வருஷம் சமதளத்தில்தான் நின்றார்.

ஸ்விட்சைப் போட்டால் மேக் சிரித்தது. அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிளாப்பியைச் செருகினேன். சுருதி மாற்றி முனகியது. கோப்புகள் தெரிந்தன. என் பத்திகள்! தமிழில் இல்லை, எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்தும் மேலே கீழே கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துமாக. ஆனாலும் பெற்றவனுக்குத் தெரியாதா?

இனி இதை விண்டோஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மேக் பிளஸின் டிரைவுக்கு 800க்கு மேல் தெரியாது. பிசிக்கு 800 தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி: கேபிள். மேக்கின் சீரியல் போர்ட்டையும் பிசியையும் கம்பியால் இணைத்து, இங்கிருந்து அங்கே எழுத்து எழுத்தாக அனுப்புவது. நண்பரிடமே ஒரு டெர்மினல் புரோகிராம் டிஸ்க் இருந்தது. கேபிளை மட்டும் நாங்கள் செய்துகொள்ள வேண்டும். எனக்குச் சால்டரிங் தெரியும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை.

சூத்திரம் சுலபம். இந்தப் பக்கம் பேசும் கம்பி, அந்தப் பக்கம் கேட்கும் கம்பியோடு சேர வேண்டும். நான் பேசுவதைப் பேசுவதோடும், கேட்பதைக் கேட்பதோடும் சேர்த்தேன். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் பேசின, இரண்டுமே கேட்கவில்லை. என் வீட்டில் இது புதுசு இல்லை என்பதால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமானது. தப்பு புரிந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக என் பக்கத்து முனையைப் பிரித்து இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டேன். காலையில் வந்த நண்பர், எனக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் தன் பக்கத்து முனையை மாற்றிப் போட்டார். இரண்டு முனையிலும் மாற்றினால் மாற்றாததற்குச் சமம். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே வேலை செய்தோம்.

கடைசியில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. 9600 பாட் என்றால் வினாடிக்கு சுமார் 960 எழுத்து. முழு டிஸ்க் ஒன்றைக் காலி செய்யக் கால் மணி நேரம் பிடிக்கும். இதற்கென்றே கெர்மிட் என்ற நல்ல புரோட்டோகால் இருக்கிறது. 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதியது, மப்பெட் தவளையின் பெயர். ஒவ்வொரு பொட்டலமாக அனுப்பி, சரியாக வந்ததா என்று கேட்டு, வரவில்லை என்றால் திரும்ப அனுப்பும். அந்த நிதானமெல்லாம் நமக்கு எதற்கு என்று, கோப்பை அப்படியே திரையில் ஓடவிட்டு அந்தப் பக்கம் பிடித்தேன். செட்டிங்கில் 7 பிட் என்று இருந்தது. ஏழு ராசியான எண்.

ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும், ஆங்கிலம் விட்டுவைத்த 128க்கு மேற்பட்ட இடங்களிலும் குடியிருந்தன. அங்கே போக எட்டாவது பிட் வேண்டும். எட்டாவது பிட்டை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த என் பத்திகள், மேல் மாடி எழுத்தெல்லாம் கீழ் மாடி எழுத்தோடு கலந்து இறங்கின. கொம்பு வைத்த பிரெஞ்சாவது தேவலை என்று ஆகிவிட்டது.

சரி, எட்டு பிட் வைத்து மறுபடி அனுப்பலாம் என்று அடுத்த டிஸ்க்கைப் போட்டேன். மேக் ஃபிளாப்பி டிரைவில் வெளியே எடுக்கப் பட்டன் கிடையாது. திரையில் டிஸ்க்கின் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் துப்பும். அந்தக் காலத்தில் பழகிய கையே ஒவ்வொரு தடவையும் நடுங்கும். இந்தத் தடவை குப்பைத்தொட்டி வாங்கிக்கொண்டது, டிரைவ் துப்பவில்லை. முப்பது வருஷத்து கிரீஸ் பசையாக இறுகிப்போயிருந்தது. முன்னால் இருக்கும் சின்னத் துளையில் ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினேன். கிளிப் வளைந்தது. இடுக்கியால் இழுத்தேன். ஃபிளாப்பியின் உலோக மூடி மட்டும் கையோடு வந்தது. லேபிளைப் பார்த்தேன். 'இதுதான்'.

பூஞ்சையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சென்னை ஈரத்தில் ஃபிளாப்பிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். அதனால் முதலில் நல்லதையெல்லாம் படித்துவிட்டு, பூத்ததைக் கடைசியில் துடைத்துப் படிக்க வேண்டும். எந்த வரிசையில் படித்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மேக்கை நண்பர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது மாடி வீட்டுப் பையன் படிக்கட்டில் எதிரே வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். "என்ன அங்கிள், ஃபிளாப்பியா? நான் பார்த்ததே இல்லை" என்றான். பார்த்ததே இல்லாதவனிடம் என் பையைக் கொடுத்தேன். வேறு யாரும் மிச்சம் இல்லை.

அவன் இணையத்தில் தேடி கிரீஸ்வீசல் என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு வரவழைத்தான். காயலான் கடையிலிருந்து சாதாரண பிசி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை எடுத்து அதில் மாட்டினான். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. பிசி டிரைவ் 800ஐப் படிக்காது தம்பி, நான் படாத பாடா என்று ஆரம்பித்தேன். ஜிசிஆர், எம்எஃப்எம், வாஸ்னியாக் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். டிரைவுக்கு லிபியே தெரிய வேண்டாம் அங்கிள், படிக்கத் தெரியாமல் போனது கண்ட்ரோலருக்குத்தான் என்றான். இந்த போர்டு படிக்கவே முயற்சி செய்யாதாம். டிஸ்க்கின் மேல் காந்தத் திசை எங்கெங்கே மாறுகிறது, எவ்வளவு இடைவெளியில் மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுமாம். அது ஜிசிஆரா, எம்எஃப்எம்மா, 720ஆ, 800ஆ, 880ஆ என்பதையெல்லாம் அப்புறம் மென்பொருள் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளும். புரியாததைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அங்கிள், எதுக்கும் ரைட் புரொடெக்ட் போட்டுக் கொடுங்க" என்றான். இது எனக்குத் தெரியும். ஐந்தேகால் அங்குலத்தில் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடினால் பாதுகாப்பு. அந்த ஞானத்தோடு மூன்றரை அங்குலத்தின் சின்ன ஜன்னல் ஒவ்வொன்றும் மூடியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். மூன்றரையில் நேர்மாறு, ஜன்னல் திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. பையன் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். முப்பது வருஷமாக என் 'மிக முக்கியங்கள்' எல்லாம் அழிப்பதற்கு வசதியாக மூடி வைக்கப்பட்டிருந்தன என்ற கணக்கை நானே மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு காபி ஆறுவதற்குள் முதல் டிஸ்க் முடிந்தது. எட்டு பிட்டும் எட்டு பிட்டாக வந்தது. பதிப்பாளருக்கு 'கிடைத்துவிட்டது' என்று வாட்ஸாப் போட்டேன். என்ன கிடைத்தது என்று போடவில்லை.

கிடைத்தது பழைய கொம்பு வைத்த பிரெஞ்சுதான். எழுத்துருவைத்தான் வைரஸ் என்று கொன்றாகிவிட்டதே. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் அதனதன் நியாயம். எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்பதை அந்தந்த எழுத்துருக்காரர்தான் தீர்மானிப்பார். ஆக, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட வேண்டும். பட்டியல் போட அச்சான இதழ் வேண்டும். பதிப்பாளரிடம் சொல்லிப் பழைய இதழ்களை வாங்கி வந்தேன். 'ஒரு சின்ன ஒப்புநோக்கலுக்கு' என்று சொல்லிக்கொண்டேன். இதழை வலது பக்கம் விரித்து வைத்து, திரையை இடது பக்கம் வைத்து, ஒவ்வொரு குறியாகப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி காபி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றாள்.

"அதைப் பார்த்தே டைப் அடிச்சிருக்கலாமே?"

பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று சொல்லும் ஆண்கள் யாரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டதில்லை என்று நினைக்கிறேன்.

பட்டியலை வைத்துப் பையன் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அதில் இன்னொரு கூத்து. பழைய எழுத்துருவில் நாம் காகிதத்தில் எழுதும் வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், கொம்பும் காலும் சேர்ந்து பின்னால். அதையும் பையன் பிரித்து மேய்ந்துவிட்டான். தமிழ் வந்தது! என் தமிழ்! அங்கங்கே கோணலாக இருந்ததை நானே கையால் திருத்தத் தொடங்கினேன். முக்கால்வாசி திருத்திய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. பட்டியலில் 'ள'வுக்கும் 'ழ'வுக்கும் நான் ஒரே எழுத்தைப் போட்டிருந்தேன். தொகுப்பு முழுக்கத் தமிள். கோளி, மளை, வாளைப்பளம்.

பட்டியலைத் திருத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் கையால் திருத்தியதெல்லாம் போய்விடும். நான் யோசித்தேன். யோசித்தது தப்பு. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸைத் திறந்து, எல்லா 'ள'வையும் 'ழ'வாக மாற்று என்று ஒரே அழுத்து. மழை வந்தது. கோழி வந்தது. தமிழும் வந்தது. மனநிறைவோடு கோப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அவரிடமிருந்து செய்தி. "சார், படிச்சிட்டு இருக்கேன். 'அவர்கழ்', 'பழ்ழிக்கூடம்', 'கேழ்வி', 'நேற்று அவழ் வந்தாழ்'னு எல்லா இடத்துலயும் ஒரே சீரா வருது. அச்சான இதழ்ல இப்படி இல்லை. அந்தக் காலத்துச் சிறுபத்திரிகைகள்ல மொழியில பரிசோதனை எல்லாம் நடந்ததுன்னு சொல்வாங்களே... இதழ்ல வந்தது எடிட்டர் திருத்தினது, இதுதான் உங்க மூல வடிவமா சார்?"

நெடுநேரம் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம் தம்பி" என்று போட்டேன்.

அவருக்கு ரொம்ப சந்தோஷம். மூல வடிவத்தையே அப்படியே போட்டுவிடலாம் என்கிறார். வாசகர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்க, இந்த மொழிநடையை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று நானே ஒரு முன்னுரையில் விளக்க வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாலு பக்கம் வந்திருக்கிறது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வர ஆரம்பித்திருக்கிறது.